தடுக்காத தடுப்பூசி

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. இன்னிக்கு எழுதறதுக்குக் காரணம் எரிச்சல். முதல்லயே சொல்லிடறேன், நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்லை. தப்பு இருந்தா பின்னூட்டத்துல தாராளமா குட்டுங்க.

2024 டிசம்பர்ல ரஷ்யாவுலேர்ந்து ஒரு அறிவிப்பு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? புற்றுநோய்க்கு எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி தயார், 2025லேர்ந்து நோயாளிகளுக்கு இலவசம்னு. நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? "கேன்சருக்கு முடிவு கட்டியாச்சு"ன்னு ரோஜாப்பூ படத்தோட ஃபேமிலி குரூப் முழுக்க ஃபார்வர்ட். எங்க பெரியப்பாவுக்கு அப்பத்தான் பெருங்குடல்ல கட்டின்னு தெரிஞ்சு ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிருந்தாங்க. "ஊசியே வந்துடுச்சாம், எதுக்குடா வயித்தைக் கிழிச்சுக்கணும்?"னு தேதியைத் தள்ளிட்டார். கெஞ்சி, சண்டை போட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ரெண்டு மாசம் ஆச்சு. அந்த ரெண்டு மாசத்துல கட்டி என்ன பண்ணுச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது.

முதல் குற்றவாளி அந்த வார்த்தைதான். தடுப்பூசி! இது எதையும் தடுக்கிற ஊசி இல்லைங்க. நோய் வந்த பிறகு, அந்தக் கட்டியை அடையாளம் காட்டி, நம்ம உடம்போட எதிர்ப்பு செல்களை உசுப்பி விடற ஊசி. சிகிச்சை ஊசின்னு சொல்லிட்டுப் போலாம். ஆனா "தடுப்பூசி வந்தாச்சு"ன்னு போட்டாத்தானே பேப்பர் விக்கும்!

சரி, இது புதுசான்னு பார்த்தா அதுவும் இல்லை. 2004லயே அமெரிக்காவோட தேசிய புற்றுநோய் மையத்துல ரோசன்பெர்க் குழு தங்களோட கணக்கைத் தைரியமா வெளியிட்டாங்க. 440 நோயாளிகளுக்கு விதவிதமான ஊசி போட்டதுல கட்டி கணிசமா சுருங்கினது 2.6 சதவீதம். நூத்துக்கு மூணு பேர்கூட இல்லை. 2010ல புராஸ்டேட் புற்றுநோய்க்கு அனுமதி வாங்கின புரொவெஞ்ச், சராசரியா நாலு மாசம்தான் ஆயுளைக் கூட்டுச்சு. விலை 93,000 டாலர்!

ஏன் இப்படி சொதப்புச்சு? காரணம் பல. அதுல ஒண்ணு எங்க தொழில்ல தினமும் பார்க்கறதுதான்: புரோகிராம் சரி, போய்ச் சேர வேண்டிய சர்வருக்குப் போய்ச் சேரலை. எதிர்ப்பு செல்களுக்குப் பாடம் நடக்கிற பள்ளிக்கூடம் நிணநீர் முடிச்சு. அதாங்க, கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டுமே, அந்த இடம். புற்று செல்லோட புரதத் துணுக்கை சும்மா தோலுக்கடியில போட்டா, சின்ன சைஸா இருக்கிறதால ரத்தத்துல கலந்து ஓடிடும். ரொம்பப் பெருசா இருந்தா போட்ட இடத்துலயே உக்காந்துக்கும். 20லேர்ந்து 100 நானோமீட்டர் வரைக்கும் இருந்தா நிணநீர்க் குழாய்ல நல்லா நுழைஞ்சு முடிச்சுக்குப் போகும். 100 நானோமீட்டர்னா தலைமுடி தடிமன்ல சுமார் ஆயிரத்துல ஒரு பங்கு.

இன்னொரு சிக்கல். "இதுதான் எதிரி"ங்கிற போட்டோவும், "ஆபத்து, கிளம்பு"ங்கிற அலாரமும் ஒரே செல்லுக்குச் சேர்ந்து போகணும். போட்டோ மட்டும் போனா, "ஓ, நம்மாளுதான்"னு உடம்பு பழகிக்கவே வாய்ப்பு இருக்கு. ரெண்டையும் ஒரே நானோ உருண்டையில அடைச்சு அனுப்பறதுதான் வேலையே. எம்.ஆர்.என்.ஏ.வை இன்னும் பத்திரமா பொத்தி வைக்கணும், வெறுமனே விட்டா உடம்புல இருக்கிற நொதிகள் நறுக்கித் தள்ளிடும். அதுக்குத்தான் கொழுப்பு உருண்டை. 2020ல ஃபைசர், மாடர்னா கொரோனா ஊசிகள்ல வந்தது இதே சமாச்சாரம்தான்.

இப்ப பலனுக்கு வருவோம். தோல் புற்றுநோயான மெலனோமாவுல மாடர்னாவும் மெர்க்கும் 157 பேரை வச்சு நடத்தின பரிசோதனையில, பெம்ப்ரோலிசுமாப் மருந்து மட்டும் எடுத்தவங்களைவிட, ஊசியும் சேர்த்துப் போட்டவங்களுக்கு நோய் திரும்பற அல்லது உயிர் போற அபாயம் 44 சதவீதம் குறைஞ்சதுன்னு 2023ல சொன்னாங்க. அதே வருஷம் நியூயார்க்ல கணையப் புற்றுநோய்க்கு பயோன்டெக் ஊசி போட்ட 16 பேர்ல 8 பேருக்கு எதிர்ப்பு செல்கள் கிளம்புச்சு. சுமார் ஒன்றரை வருஷக் கணக்கெடுப்புல அந்த 8 பேருக்கும் நோய் திரும்பலை. சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் கணையத்துல இது பெரிய விஷயம். மனசாரக் கைதட்டறேன்.

ஆனா அந்த ஃபார்வர்ட் சொல்லாத ஒண்ணு இருக்கு. இந்த ரெண்டு பரிசோதனையிலயும் முதல்ல கத்தி, அப்புறம்தான் ஊசி! வெட்டி எடுத்த கட்டியோட மரபணுவைப் படிச்சு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா தயாரிக்கிற ஊசி அது. ஆபரேஷன் இல்லைன்னா அந்த ஊசியே கிடையாது. ஊசிக்காக கத்தியைத் தள்ளிப்போட்ட பெரியப்பாகிட்ட இதை யார் சொன்னா? கணைய நோயாளிகளுக்கு ஊசியோட கீமோவும் உண்டு. அதையும் எந்த ரோஜாப்பூவும் சொல்லலை.

ஃபார்வர்ட் அனுப்பின மாமாகிட்ட கேட்டேன். "நம்பிக்கை குடுக்கிறதுல என்ன தப்பு மாப்ள?"ன்னார். நம்பிக்கை தப்பில்லை மாமா. ஆனா 157 பேர், 44 சதவீதம், ஆபரேஷனுக்கு அப்புறம், கூடவே இன்னொரு மருந்துன்னு முழுசா சொன்னாலும் அது நம்பிக்கைதான். இன்னும் உறுதியான நம்பிக்கை. பாதியை வெட்டிட்டு அனுப்பறது நம்பிக்கை இல்லை, ஆளை ஆஸ்பத்திரி வாசல்லயே திருப்பி அனுப்பற வேலை.

கடைசியா ஒண்ணு. நிஜமாவே தடுக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான ஊசி. அதுவும் சுமார் 55 நானோமீட்டர் புரத உருண்டைதான். உலகத்துல 2006லேர்ந்து இருக்கு. புனே சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிச்ச செர்வாவாக் 2023 ஜனவரியில வெளியாச்சு. மாமா வீட்டுப் பேத்திக்கு 12 வயசு. போட்டாச்சான்னு கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு மாப்ள சின்னப் புள்ளைக்கு?"

என்னத்த சொல்ல!