பழைய ஸ்கிரிப்ட்டுக்குப் புது வாசல் வைக்கும் பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கணினி வேலையில் இல்லாதவர்களும் படிக்கலாம்.

போன மாதம் ஒரு மாணவன் போன் செய்தான். "சார், நீங்க 2003ல எழுதின மார்க் ஸ்கிரிப்ட்டை ஒரு வரிகூட மாத்தாம வெப் சர்வீஸ் ஆக்கிட்டேன். ஒரே மத்தியானம்தான் ஆச்சு" என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஸ்கிரிப்ட் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தேர்வு எண்ணைக் கொடுத்தால் மதிப்பெண் தரும். முன்பு அலுவலக அறையில் நான் ஒருவன் மட்டும் அதை ஓட்டுவேன். இப்போது பெற்றோர் கைபேசியில் எண்ணைத் தட்டினால், நடுவில் இருக்கும் மிடில்வேர் அதை வாங்கி ஸ்கிரிப்ட்டிடம் கொடுத்து, விடையைத் திருப்பி அனுப்பும்.

மதிப்பெண் வெளியான அன்று மாலை எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டினார்கள். கணக்கில் 91 வாங்கிய பெண்ணின் அப்பாவுக்கு 34 என்று காட்டியது. உண்மை தெரிவதற்குள் அந்தப் பெண் வாங்கிய வசவு கொஞ்சமல்ல.

காரணம் எளிது. என் ஸ்கிரிப்ட் விடையை ஒரே பெயருள்ள தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு அதிலிருந்து படிக்கும். இருவர் சேர்ந்து கேட்டால் ஒருவருடையதன் மேல் மற்றவருடையது விழும். இத்தனை வருடம் அது தவறாகத் தெரியவில்லை, ஏனென்றால் கேட்டது நான் ஒருவன்தான்.

அவனிடம் கேட்டேன். "மிடில்வேர் எல்லாத்தையும் பார்த்துக்கும்னு நினைச்சேன் சார்" என்றான். இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

மிடில்வேர் பார்த்துக்கொள்ளாது. அப்பாச்சி கேமலில் எக்ஸெக் என்று ஒரு பாகம் உண்டு. வெளிக் கட்டளைகளை ஓட்டுவதற்கென்றே இருப்பது. ஸ்கிரிப்ட் தோற்றுப்போனால் அதன் வெளியேறும் எண்ணைத் தலைப்பில் வைத்துக் கொடுத்துவிடும். நீங்களாகச் சொல்லி வைக்காவிட்டால் அது பிழை என்று கத்தாது. பார்க்க மறந்தால், தோற்ற வேலைக்கும் '200 ஓகே' என்றே பதில் போகும்.

உள்ளே வருவது என்ன என்பதும் அப்படித்தான். எண் கேட்ட இடத்தில் நான் எண்ணைத்தான் தட்டுவேன். தெருவில் போகிறவன் எண்ணுக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி வைத்து, கோப்புகளை அழிக்கும் கட்டளையையும் சேர்த்துத் தட்டுவான். அதை ஷெல் வழியாக அப்படியே ஓட்டினால் முடிந்தது கதை.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2014 செப்டம்பரில் 'ஷெல்ஷாக்' வந்ததே, நினைவிருக்கிறதா? பாஷ் ஷெல்லில் 1989 முதல் கிடந்த ஓட்டை அது. சி.ஜி.ஐ. என்ற பழைய முறையில், வெளியிலிருந்து வரும் தகவல் சூழல் மாறிகளாக ஸ்கிரிப்ட்டுக்குள் போகும். அந்த வழியில் முன்பின் தெரியாதவர்கள் சர்வரில் தங்கள் கட்டளையை ஓட்டினார்கள். பாஷ் எழுதப்பட்டபோது பொது வலை என்ற ஒன்றே கிடையாது. வீட்டுக்குள் தொந்தரவு தராமல் இருந்தது, வாசலுக்கு வந்ததும் ஆபத்தானது.

பழையதைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. புதிதாக எழுதுகிறேன் என்று கிளம்பி, பழையதில் இருந்த பாதிக் கணக்கைத் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் இருக்கட்டும். ஆனால் வாசல் வைக்கும் முன் அதை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் தனிக் கோப்புறை கொடுங்கள். எண் என்றால் எண் மட்டும் உள்ளே போகட்டும். வெளியேறும் எண்ணைப் பார்த்துப் பிழையைப் பிழை என்றே சொல்லுங்கள். பதில் தாமதமானால் மிடில்வேர் மறுபடி கூப்பிடலாம். பணம் கழிக்கும் ஸ்கிரிப்ட் இரண்டு முறை ஓடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதற்கு ஒரு மத்தியானம் போதாது, ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தை மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

என் தவறும் இதில் உண்டு. அந்தக் கோப்புக்குப் பக்கத்தில் 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்' என்று ஒரு வரி நான் எழுதி வைத்திருக்கலாம். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போன் செய்து அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். 'சூப்பர் சார்' என்று மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள்.