பாதுகாப்பு கம்பெனிக்கு மட்டும்தானா? முதுகுக்குப் பின்னால் பேசும் 'வெரிஃபிகேஷன்' பற்றி நேராகப் பேசுவோம்!



புது கம்பெனியில் ஆஃபர் லெட்டர் வாங்கியாச்சு. பழைய இடத்தில் பேப்பர் போட்டு, நோட்டீஸ் பீரியடும் முடிச்சாச்சு. சேர வேண்டிய தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி, "பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் சரியா வரல, ஆஃபரை ரத்து பண்றோம்" என்று ஒரு மெயில் வந்தால்? ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பயம் புதிதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் நிற்கிற தம்பிகளுக்கும் தெரியும். பழைய கம்பெனி என்னதான் சொன்னது என்று கேட்டால், "அது கான்ஃபிடென்ஷியல்" என்பார்கள். உங்களைப் பற்றிய விஷயம், உங்களுக்கு மட்டும் ரகசியம்!

இதைக் கேள்வி கேட்டால் முதலாளிகள் தரப்பில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "முன்னாள் ஊழியரைப் பற்றி உண்மையைச் சொன்னால் அவதூறு வழக்கு வருமோ என்று பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பு இருக்கே, எங்களுக்கும் கொடுங்கள்."

பாதுகாப்பு இல்லையாம்! 1860லேயே எழுதிக் கொடுத்தாச்சு ஐயா. இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆவது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். எது அவதூறு என்று சொல்லிவிட்டு, எது அவதூறு ஆகாது என்று பத்து விதிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஏழாவதில், வேலையில் அசட்டையாக இருந்த வேலைக்காரரை எஜமான் நல்லெண்ணத்தோடு கண்டிப்பது குற்றமில்லை என்று உதாரணமே இருக்கிறது. ஒன்பதாவது, தன் நலனையோ அடுத்தவர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு ஒருவரைப் பற்றிச் சொல்வது. "அந்த ஆள் ரொக்கம் கொடுத்தால் ஒழிய எதுவும் விற்காதே, அவன் நாணயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்று கடைக்காரர் தன் கடையைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்கிற உதாரணம் அங்கே வருகிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதன் 356ஆவது பிரிவிலும் இந்த விதிவிலக்குகள் பத்திரமாகத் தொடர்கின்றன.

அப்போ இவர்களுக்கு என்னதான் குறை? 'நல்லெண்ணம்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் உறுத்துகிறது. சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் மனசு சுத்தமாக இருந்தது என்று சொல்லித் தப்பிப்பதில்லை. உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்யாத எதுவும் நல்லெண்ணம் ஆகாது என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. முறைப்படி ராஜினாமா கொடுத்துவிட்டுப் போன பெண்ணை, மேனேஜருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக சிஸ்டத்தில் 'அப்ஸ்காண்டிங்' என்று டிக் அடிப்பது உரிய கவனமா? ஓவர்டைம் காசு கேட்டவருக்கும், சங்கத்தில் சேர்ந்தவருக்கும், பாலியல் தொல்லை பற்றி உள் குழுவில் புகார் கொடுத்தவருக்கும் 'ஆட்டிட்யூட் சரியில்லை' என்று போனில் சொல்வது அக்கறையா?

சரி, பொய் சொன்னால் கேஸ் போடலாமே என்பீர்கள். எதை வைத்துப் போடுவது? யார் சொன்னார், யாரிடம் சொன்னார், என்ன வார்த்தை சொன்னார், எதுவுமே நம் கையில் கிடையாது. நடுவில் ஒரு வெரிஃபிகேஷன் ஏஜென்சி வேறு. கண்ணைக் கட்டிவிட்டு, "அடிச்சவனை அடையாளம் காட்டு" என்கிற கதை.

டெல்லி 2023இல் கொண்டுவந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கை கொடுக்குமா? அதன் 7ஆவது பிரிவு, வேலைவாய்ப்பு சம்பந்தமான காரணங்களுக்கு நம் தகவலைப் பயன்படுத்த நம் சம்மதமே தேவையில்லை என்கிறது. 'என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், காட்டு' என்று கேட்கும் 11ஆவது பிரிவு உரிமையோ, நாம் சம்மதம் கொடுத்த இடங்களுக்குத்தான். சம்மதமே கேட்காத இடத்தில் பார்க்கிற உரிமையும் இல்லை! வேலை விட்டால் பணிச் சான்றிதழ் தர வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளில் 1946 முதல் இருந்தது. அந்த நிலையாணைக் கட்டாயமும் மத்தியச் சட்டப்படி 100 பேர் வேலை செய்யும் இடத்திலிருந்து 300 பேர் என்று புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் தூக்கப்பட்டுவிட்டது.

வெளிநாட்டை உதாரணம் காட்டுகிறவர்கள் முழுசாகக் காட்டட்டும். இங்கிலாந்தில் 1994இல் ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ் வழக்கு. இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர் பற்றி, நேர்மையே இல்லாத ஆள் என்கிற ரீதியில் பழைய கம்பெனி எழுதிக் கொடுத்தது. வேலை கிடைக்கவில்லை. வன்மம் இருந்ததென்று நிரூபிக்க முடியாவிட்டாலும், கவனமில்லாமல் எழுதினாலே நஷ்டத்துக்குக் கம்பெனி பொறுப்பு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் வேலையை விட்டுப் போகிறவர் எழுத்தில் சான்று கேட்பது சட்டப்படியான உரிமை. கேட்டால் செயல்பாடும் நடத்தையும் அதில் வர வேண்டும். வேறு அர்த்தத்தை ஒளித்து வைத்த வாசகம் இருக்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் மறைக்க மாட்டோம். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிற நிர்வாகங்கள் இருக்கின்றன. மாணவியிடம் தவறாக நடந்த ஆசிரியரை, பள்ளி பெயர் கெட்டுவிடும் என்று சத்தமில்லாமல் அனுப்பிவிட்டு, 'நடத்தை நன்று' என்று கையெழுத்துப் போட்டால், அடுத்த பள்ளியில் அடுத்த குழந்தை. கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது போக்சோ சட்டத்தின் 21ஆவது பிரிவு. கலிஃபோர்னியாவில் இப்படிப் புகார்களை மறைத்துப் புகழ்ந்து எழுதியவர்கள், பின்னால் பாதிக்கப்பட்ட மாணவிக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று 1997இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமே சொன்னது.

ஆக, பயமில்லாமல் உண்மை எழுதுகிற முதலாளிக்குப் பாதுகாப்பு கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் சும்மா கொடுக்க முடியாது. சொல்வதை எழுத்தில் சொல்லணும். அதன் நகல் தொழிலாளி கைக்கு வரணும். தப்பு இருந்தால் மறுப்பு எழுத 15 நாள் அவகாசம் தரணும், மறுப்பும் சேர்ந்தே புது கம்பெனிக்குப் போகணும். போனில் கிசுகிசுத்தவருக்கு எந்த விதிவிலக்கும் கிடையாது. ராஜினாமா ஏற்ற பிறகு ரிலீவிங் லெட்டரைப் பிடித்து வைத்தால், பிடித்து வைத்த ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் கொடுக்கணும். 10 பேர் கம்பெனியா 10,000 பேர் கம்பெனியா என்ற பேதம் இதில் வேண்டாம்.

தொழிலாளர் விஷயம் பொதுப்பட்டியலில்தான் இருக்கிறது. டெல்லிக்காகக் காத்திராமல் தமிழ்நாடு சட்டமன்றமே இதற்கு மசோதா கொண்டுவரலாம். அதைத்தான் நாம் கேட்கிறோம்.

உங்களுக்கு நடந்ததைக் கீழே எழுதுங்கள், தோழர்களே. எந்தத் துறை, எந்த ஊர், எத்தனை மாதம் லெட்டர் வரவில்லை என்று மட்டும் போதும். கம்பெனி பெயரும் மேனேஜர் பெயரும் வேண்டாம். அந்த 356 அவர்களை விட நம் மேல் சீக்கிரம் பாயும்.

#எழுத்தில்_சொல் #எங்களிடம்_காட்டு