ஆமைக்குஞ்சோட ஒரு செல்ஃபி

கொஸ்கொடப் பக்கம் போனால் ரோட்டோரமெல்லாம் 'ஆமைப் பாதுகாப்பு' எண்டு பலகை. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் சீமெந்துத் தொட்டிக்குள் குஞ்சுகள். தூக்கிப் படம் எடுக்கலாம். இதையா பாதுகாப்பு எண்டுறம்?

உலகத்தின் 7 கடலாமை இனங்களில் 5 இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன. மண்ணை விட்டு வெளியே வரும் குஞ்சின் உடம்பில் மஞ்சட்கரு கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்தச் சக்தியில்தான் முதல் ஓரிரு நாள் நிற்காமல் நீந்தி, கரையோர மீன்களிடமிருந்து தப்பி ஆழ்கடலுக்குப் போகும். தொட்டிக்குள் மூன்று நாள் சுத்தினால் அந்த வேகம் முடிஞ்சுது. பிறகு கடலில் விட்டென்ன? காயப்பட்ட ஆமைக்குத் தொட்டி வேணும், சரி. சுகமா இருக்கிற குஞ்சுக்கு ஏன்?

'முட்டையை நாங்கள் வாங்காட்டி ஆக்கள் தின்றுபோடுவினம்' எண்டு சொல்லுவினம். ரெக்கவவில் முட்டை எடுத்த ஆக்களையே சம்பளம் குடுத்துக் காவலுக்கு வைத்தார்கள்; முட்டை இட்ட இடத்திலேயே பொரித்தது. அங்கே முடிஞ்சது கொஸ்கொடவில் ஏன் முடியாது? தொட்டியில் காசு வருது, அதுதான்.

அடுத்தமுறை போனால் வாசலிலேயே கேளுங்கோ: பொரித்த குஞ்சை அண்டைக்கு இரவே விடுறீங்களா? இல்லையெண்டால் டிக்கெட் எடுக்காதீங்கோ.