கடல் மீன் வளர்க்க லட்சாதிபதியாக வேண்டியதில்லை

“கடல் மீனா? அதெல்லாம் லட்ச ரூபாய் சமாச்சாரம், நமக்குக் கட்டுப்படியாகாது.” மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைச் சொல்கிறார்கள், வைக்காதவர்களும் சொல்கிறார்கள். சொல்பவர்களில் சிலர் வாஸ்துவுக்காக அரோவானா என்ற நன்னீர் மீனை வாங்கியவர்கள். ஒற்றை மீனுக்குப் பல ஆயிரம் கொடுத்து, அது வளர வளரத் தொட்டியையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் செலவு மட்டும் அவர்கள் கண்ணுக்குச் செலவாகவே படாது.

கடல் மீன் கட்டுப்படியாகாது என்ற நம்பிக்கை தவறு என்பதோடு, அது பரவுவதால் கெடுதலும் இருக்கிறது. நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையில் ஆள் உயரத் தொட்டியைப் பார்த்தவர்கள், கடல் நீர் என்றாலே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தத் தொட்டியில் பணத்தை விழுங்குவது பவளம். பலமான விளக்கு, நீரைக் குளிர்விக்கும் சில்லர், கால்சியம் கரைசல்கள் எல்லாம் முக்கியமாக அதற்காகத்தான். பவளத்துக்கு ஆகும் செலவை மீன் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

அந்தப் பவளத்தைக்கூட எளிய முறையில் வளர்த்துக் காட்டியவர் உண்டு. இந்தோனேசியாவின் லீ சின் எங், கடல் நீர், உயிர்கள் ஒட்டிய பாறை, காற்றுக் குமிழி, வெயில் ஆகியவற்றை மட்டும் நம்பித் தொட்டி அமைத்தார். 1961இலேயே அந்த முறையை எழுதியும் வைத்தார். வெறும் மீனுக்கு அதைவிட அதிகம் எதற்கு?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். சென்னை கொளத்தூரின் மீன் தொட்டிக் கடைகளில் அளவு சொன்னால் ஒட்டித் தருவார்கள். சுமார் 70 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் முதல் நிரப்பலுக்கு இரண்டரைக் கிலோ உப்பு போதும். வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் மாதத்துக்கு ஒரு கிலோ ஆகும். இந்த நீர் மாற்றத்தைத் தவறாமல் செய்தால், இரண்டு சிறிய மீன் உள்ள தொட்டிக்கு, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் தேவையில்லை. தொட்டியில் மாட்டும் சாதாரண ஃபில்டரும் நீரை அசைக்கச் சிறிய பம்ப் ஒன்றும் இருந்தால் சரி. கரண்ட் போனால் சமாளிக்க பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

உப்பு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. சமையல் உப்பில் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் சரியான அளவில் சேர்ந்த கடல் தொட்டி உப்புதான் வேண்டும். கரைத்த நீரை ரெஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் ஒப்படர்த்தி 1.025ஐ ஒட்டி இருக்க வேண்டும். கரைக்க வீட்டு ஆர்.ஓ. நீரே ஆகும். ஆனால் பல இயந்திரங்களில் சுவைக்காகக் குழாய் நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு இருக்கும். அதை மூடிவிட்டு டி.டி.எஸ். மீட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கூவம் கலக்கும் மெரினாவில் குடத்தோடு இறங்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

செலவைக் குறைக்கிறோம் என்று தொட்டியை மேலும் சிறிதாக்குவதும் ஆபத்து. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 20 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் வற்றினால் லிட்டருக்கு 35 கிராம் என்பது 36.8 ஆக ஏறிவிடும். 70 லிட்டரில் அதே ஒரு லிட்டர் வற்றினால் 35.5தான். வற்றியதை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் ஈடுகட்ட வேண்டும். சென்னை மே மாதத்துக்குச் சில்லர் வாங்காமல், நீர்ப்பரப்பில் சிறிய விசிறியைத் திருப்பி வைத்தால் ஓரிரு டிகிரி இறங்கும். வற்றுவது கூடும் என்பதால் தினமும் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

உண்மையில் பணம் கரைவது அவசரத்தில். உப்பு நீரை ஊற்றிய மறுநாளே மீனை விட்டு, அது செத்ததும் இன்னொன்று வாங்கி, அதுவும் சாக, “கடல் மீன் கட்டாது” என்கிறார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனில்லாத தொட்டியில் சிட்டிகை தீனியைப் போட்டு வாருங்கள். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகு மீன் வாங்கலாம். இந்தக் காத்திருப்புக்குச் செலவு கிடையாது.

என்ன மீன்? நீமோ என்று குழந்தைகள் கேட்கும் கோமாளி மீன் குஞ்சுகள் இரண்டு. கடல் சாமந்தி இல்லாமலே தொட்டியில் நன்றாக வாழும். பெரியது பெண்ணாகும், மற்றது ஆணாகவே இருக்கும். பராமரித்தால் பத்தாண்டுக்கு மேலும் இருக்கும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இவற்றைப் பண்ணையில் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கின்றன. பண்ணைக் குஞ்சு உலர்தீனிக்குப் பழகியது. அதற்காக எந்தப் பவளத்திட்டிலும் மீனை மயக்கிப் பிடிக்கச் சயனைடு அடிக்க வேண்டியதில்லை. நீமோ படத்தில் வரும் நீல டோரி ஓரடி நீளம் வளரும். அது இந்தத் தொட்டிக்கு வேண்டாம்.

பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சின் கெடுதல் இங்கேதான். செலவுக்குப் பயப்படுகிறவர், யாரோ மலிவாக நீட்டும் மன்னார் வளைகுடாப் பவளப் பாறையை வாங்கிவிடுகிறார். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். பாக்டீரியா தங்க நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கற்களே போதும்.

கடைக்காரர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. இரண்டரைக் கிலோ உப்பு தேவைப்படுகிறவரிடம் பெரிய வாளியை நீட்டி, கூடவே ஸ்கிம்மரையும் சில்லரையும் பட்டியலில் சேர்த்தால் அவர் திரும்பிப் போகத்தான் செய்வார். உப்பைக் கிலோ கணக்கில் பிரித்து விற்கலாம். மீன் பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா என்று தொட்டியிலேயே எழுதி ஒட்டலாம். வாங்குகிறவர் கேட்காமலே இதைச் செய்ய வேண்டும்.