அந்தச் சாரதியைக் கொன்றது யார்?

‘தி பிக் ஸ்லீப்’ பற்றிக் கதை எடுத்தால், சினிமா தெரிந்த யாராவது ஒருவர் கட்டாயம் இந்தப் பகிடியைச் சொல்லுவார். படம் எடுத்துக்கொண்டிருக்கேக்க, கதையில் செத்துப்போகும் சாரதியைக் கொன்றது யார் எண்டு படக்குழுவுக்கே பிடிபடவில்லையாம். நாவலை எழுதிய றேமண்ட் சாண்ட்லருக்குத் தந்தி அடித்துக் கேட்டார்களாம். அவருக்கும் தெரியாதாம். எல்லாரும் சிரிப்போம். பிறகு தீர்ப்பு வரும்: “நுவார் படத்தில கதையைத் தேடக்கூடாது மச்சான், மூட்தான் முக்கியம்.”

தந்திக் கதை உண்மைதான். சாண்ட்லரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். எங்களுக்குப் பிரச்சினை அந்தத் தீர்ப்போடுதான்.

முதல் தரம் பார்க்கேக்க நாங்களும் அப்படித்தான் தலையாட்டினோம். ஹம்பிரி போகார்ட்டின் மார்லோ காதுமடலைத் தடவிக்கொண்டு நடக்கிற நடை, லோரன் பக்காலின் குரல், ஓயாத மழை. கதை விளங்கவில்லை எண்டு சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகுதான் இரண்டு வடிவங்களும் சேர்ந்து வந்த டிவிடி கையில் கிடைத்தது. 1945 வடிவம் 116 நிமிடம், எல்லாரும் பார்த்த 1946 வடிவம் 114 நிமிடம். ரெண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், விளங்காமை எங்கிருந்து வந்தது எண்டு விளங்கும்.

ஹோவார்ட் ஹோக்ஸ் படப்பிடிப்பை 1945 ஜனவரியில் முடித்துவிட்டார். அந்த வடிவம் வெளிநாடுகளில் இருந்த அமெரிக்கப் படையினருக்குக் காட்டப்பட்டது. யுத்தம் முடியப்போகுது, கையில் இருக்கிற யுத்தப் படங்களை முதலில் விற்றுத் தீர்ப்போம் எண்டு வார்னர் நிறுவனம் இதைத் தள்ளி வைத்தது. அதற்கிடையில் பக்கால் நடித்த இன்னொரு படத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவருடைய முகவர் சார்ள்ஸ் ஃபெல்ட்மன் ஜாக் வார்னருக்குக் கடிதம் போட்டார்: பக்கால் துடுக்காகக் கதைக்கும் காட்சிகளைக் கூட்டுங்கள். 1946 ஜனவரியில் திரும்பவும் படம் பிடித்தார்கள். போகார்ட்டும் பக்காலும் குதிரைப் பந்தயம் பற்றிக் கதைப்பதுபோல வேறெதையோ கதைக்கும் அந்தப் பிரபலமான காட்சி அப்போதுதான் வந்தது. அரச வழக்கறிஞரின் அறையில் மார்லோ அதுவரை நடந்ததை எல்லாம் அடுக்கிச் சொல்லும் காட்சி வெளியே போனது.

போன காட்சி நல்லதா எண்டு கேட்டால், இல்லை. மூன்று ஆண்கள் அறைக்குள் இருந்து கதைக்கினம், அவ்வளவுதான். குதிரைக் காட்சி அதைவிடப் பத்து மடங்கு ருசி. 1946 வடிவத்தைத்தான் நாங்களும் திரும்பப் போட்டுப் பார்ப்போம். ஆனால் ஒரு நட்சத்திரத்தைக் காப்பாற்றச் செய்த வியாபார வெட்டைப் பெரிய கலைக் கொள்கையாக்கி எங்களுக்குப் பாடம் எடுக்கவேண்டாம்.

மற்றக் கத்தரி தணிக்கையுடையது. 1939இல் வந்த நாவலில் கைகரின் கடை ஆபாசப் புத்தகங்களை இரகசியமாக வாடகைக்கு விடுகிற இடம். படத்தில் ‘அரிய நூல்கள்’ எண்டு பலகை தொங்குது, ஆட்கள் பதுங்கிப் பதுங்கி வருகினம், பெட்டி பெட்டியாக எதையோ கடத்துகினம். என்ன எண்டு மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நாவலில் பணக்கார வீட்டின் இளைய மகள் கார்மனை மயக்கத்தில் நிர்வாணமாகப் படம் பிடித்து வைத்து மிரட்டுகிறார்கள். படத்தில் அவள் கழுத்து முதல் கால் வரை சீனப் பட்டு உடுத்தி இருக்கிறாள். முழுசா உடுத்தவளின் படத்துக்கு யார் காசு கொடுப்பது? கைகரும் அவனோடு இருக்கிற பொடியனும் நாவலில் காதலர்கள். படத்தில் அதுவும் இல்லை, அதனால் அந்தப் பொடியன் ஏன் பழிவாங்க ஓடித் திரிகிறான் எண்டு எங்களுக்கு விளங்குவதில்லை. உதெல்லாம் மூட் இல்லை, வெட்டின தழும்பு.

எல்லாவற்றையும் விடப் பெரிய வெட்டு முடிவில் இருக்கிறது. நாவலில் ரீகனைச் சுட்டது கார்மன். அவனுடைய உடல், அந்தக் குடும்பத்தைப் பணக்காரராக்கிய எண்ணெய்க் கிணற்றுப் பக்கத்துச் சகதிக் குழிக்குள் கிடக்கிறது. அக்கா விவியன் காசு கொடுத்து மறைக்கிறாள். கடைசியில் மார்லோவும் வாயை மூடிக்கொள்கிறான், தானும் அந்த அழுக்கில் ஒரு பங்காளி எண்ட கசப்போடு. படத்திலோ ரீகனைக் கொன்றது சூதாட்டக்காரன் எடி மார்ஸ் எண்டு மார்லோ போலீசுக்குத் தொலைபேசியில் சொல்கிறான். கார்மனை எங்கேயாவது அனுப்பிக் குணப்படுத்தலாம். விவியனுக்குக் காதல். மாளிகைக்கு ஒரு கீறலும் இல்லை. கார்மனாக நடித்த மார்த்தா விக்கர்ஸ் பக்காலை மிஞ்சிவிட்டதால்தான் அவருடைய காட்சிகளை வெட்டினார்கள் எண்டு சாண்ட்லர் எழுதினார். படத்தைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் கிடக்கு. கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு அவர் நிற்கிற சில நிமிடங்களில் வருகிற பயம் படத்தில் வேறெங்கும் இல்லை.

இனி அந்தச் சாரதி. அவனுக்குப் பெயர் இருக்கிறது: ஓவன் டெய்லர். ஸ்டேர்ன்வுட் குடும்பத்தின் காரை ஓட்டியவன், கார்மன் மேல் ஆசை வைத்தவன், அவளுக்காகக் கைகரைச் சுட்டவன். லிடோ இறங்குதுறையில் பக்கார்ட் காரோடு தண்ணீருக்குள் இருந்து எடுக்கப்படுகிறான். அவனை அடித்ததாக ஜோ புரோடி ஒத்துக்கொள்கிறான், கொன்றதாக இல்லை. அதோடு சரி. எழுதினவருக்கும் அக்கறையில்லை, எடுத்தவருக்கும் இல்லை, எழுபது எண்பது வருசமாகச் சிரிக்கிற எங்களுக்கும் இல்லை. செத்தது அந்த வீட்டு மகளாக இருந்திருந்தால் இது பகிடியாக மிஞ்சியிருக்குமா? ஒரு ஆளைக் கொன்றது யார் எண்டு தெரியாமலே போவதை வைத்துச் சிரிக்க எங்களுக்கு இப்ப ஏலாமல் இருக்கு.

இதே படத்தில் ஹரி ஜோன்ஸ் எண்ட சின்ன மனிதனுக்கு நஞ்சு கொடுக்கும்போது மார்லோ அடுத்த அறையில் நின்று எல்லாவற்றையும் கேட்கிறான். பிறகு கொன்றவனைத் தேடிப்போய்ச் சுடுகிறான். சின்ன ஆளுக்காகவும் கோபப்பட இந்தப் படத்துக்குத் தெரியும். கடைசித் தொலைபேசி அழைப்பில் எடி மார்ஸின் பெயர் வருகிறது, ரீகனின் பெயர் வருகிறது. ஓவன் டெய்லரின் பெயர் வரவில்லை.