5000 எப்படி 6000 ஆகும்?

தொலைபேசி இலாகாவில் காலம் தள்ளியவன் நான். தரைவழி எண்களை மாற்றியபோது, பழைய எண்ணுக்கு முன்னால் 2 சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரிதான் சொன்னோம். சாணார்பட்டியில் பெட்டிக்கடை வைத்திருந்தவருக்கும் அது புரிந்தது.

இன்று ஃபயர்வால் விதிகளைப் பாருங்கள். வெளியே 5000 முதல் 5099 வரையுள்ள போர்ட்டுகளுக்கு வருவதை, உள்ளே 6000 முதல் 6099 வரைக்கு வரிசை மாறாமல் அனுப்ப வேண்டும். லினக்ஸின் ஐபிடேபிள்ஸில் 6000-6099 என்று மட்டும் எழுதினால் அதில் ஏதோ ஒன்றுக்குப் போகும். 5007 என்பது 6007க்குத்தான் போகும் என்ற உறுதி கிடையாது. 2018இல் வந்த 4.18 கெர்னலில்தான் வழி பிறந்தது: 6000-6099/5000.

அந்தச் சாய்கோடு எதற்கு? ஐபி முகவரியை ஒட்டிச் சாய்கோடு வந்தால் நெட்வொர்க்கின் அளவு என்றுதானே இத்தனை காலம் படித்தோம்? ஓப்பன்பிஎஸ்டியின் பிஎஃப் 6000:* என்று எழுதவைக்கிறது. தொடக்கமாவது பளிச்சென்று தெரிகிறது.

மேனுவலைப் படியுங்கள் என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பழுது பார்ப்பவர் அந்த விதியை எழுதியவர் அல்லவே! வாய்ஸ் போர்ட் ஒன்று பிசகினால் அழைப்பு இணையும், குரல் வராது.

இரண்டு வீச்சையும் முழுதாக எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் விதியையே ஏற்காதீர்கள். எழுதுபவருக்கு நாலு எழுத்து மிச்சம், படிப்பவர் தலையில் கணக்கு என்றால் அது சிக்கனமா?