முகநோவுக்கும் சங்கம் வேண்டும்

முக்கிளை நரம்பு நோவுடையார்க்குப் பசறை மலைக்காற்றே பகை. வாய் கொப்பளித்தாலும், சோறு மென்றாலும் கன்னத்தில் மின்னல் பாய்ந்ததுபோல் துடிப்பர். புண்ணுமில்லை, வீக்கமுமில்லை; ஆதலின் பெரட்டுக் களத்தில் கங்காணி நம்பார், லயத்தில் வீட்டாரும் நம்பார். பல்நோவென மயங்கி நல்ல பற்களைப் பிடுங்குவித்தோர் எத்தனை பேர்!

1962 முதல் இந்நோவைத் தணிக்கக் கார்பமசெபின் என்னும் மருந்து உண்டு. அதைக் கொடுப்பவர் வைத்தியர். அவர் சொற்படி தவறாது உட்கொள்ளத் துணிவூட்டுபவரோ அதே நோவை அனுபவித்தவர். அமெரிக்க நோயாளர் 1990இல் இதற்கெனச் சங்கமே கண்டனர்.

கூலிக்குச் சங்கம் கண்ட மலையகம் இதற்கும் காணலாகாதா? பதுளை ஆஸ்பத்திரிக்கு வருவோர் மாதமொருமுறை கூடட்டும். தொழிற்சங்கங்கள் இடம் அளிக்கட்டும். ‘உன் நோவு மெய்’ என்னும் சொல் கிடைத்தாலே பாதிப் பாரம் இறங்கும் என்பதே நமது கருத்து.